இருட்டைத் தேடி வந்த தொலைநோக்கி

தருமபுரிப் பக்கத்துக் கிணறுகளில் மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலை ஓடிய காலத்தில் குடியானவருக்கு இராக் கடிகாரம் வானம்தான். வெயில் ஏறினால் மாடு களைத்துவிடும். கோழி கூவுவதற்கு முன்பே வடத்தைப் பூட்டியாக வேண்டும். ஆறாமீன் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, விடிவெள்ளி கிளம்பிவிட்டதா என்று வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் நேரம் தெரிந்துவிடும். மாடுகள் சரிவில் இறங்கும், சால் மேலேறும், தோல் தும்பி வழியே தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். கிழக்கு வெளுக்கும்போது பாதி வயல் நனைந்திருக்கும். மின் மோட்டார் வந்தபின் கவலை நின்றது. மீன் பார்த்து எழும் வழக்கமும் மெல்ல மறைந்தது.

இந்த மலைநாட்டின் இருட்டுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு என்று கண்டவர் வானியலாளர் வேணு பாப்பு. 1960இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் பொறுப்பேற்ற அவருக்கு அங்கே ஒரு குறை இருந்தது. சூரியனை ஆராயக் கொடைக்கானல் நல்ல இடம். விண்மீன்களைப் பார்க்க மேகம் விடாது. தெளிந்த இரவு வானம் தேடி அவர் வந்து சேர்ந்த இடம் ஜவ்வாது மலையின் காவலூர். அன்று வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த அந்த ஊர் இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில், தருமபுரிக்கு வடகிழக்கே இருக்கிறது. சுமார் 725 மீட்டர் உயரம், சுற்றிலும் காடு, பெருநகர விளக்குகள் தொலைவில். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தென்வானத்தின் பெரும்பகுதியும் அங்கிருந்து தெரியும்.

கொடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 செ.மீ. தொலைநோக்கி 1968இல் அங்கே வேலையைத் தொடங்கியது. 1972இல் ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. வந்த ஆண்டிலேயே, வியாழனின் நிலவான கனிமீடு ஒரு விண்மீனை மறைத்துக் கடந்ததை ஆராய்ந்து, அந்த நிலவைச் சுற்றி மெல்லிய வாயுப் படலம் இருப்பதற்கான தடயத்தைக் கண்டார்கள்.

1977 மார்ச் 10 இரவு இன்னும் பெரியது. யுரேனஸ் ஒரு மங்கலான விண்மீனை நெருங்கிக்கொண்டிருந்தது. காவலூரில் அந்த ஒளியை அளந்துகொண்டிருந்தவர்களின் பதிவில், கோள் மறைக்கும் முன்பே வெளிச்சம் சட்டென்று ஒருமுறை தாழ்ந்து மீண்டது. புதிய நிலவாக இருக்குமோ என்று முதலில் எண்ணினார்கள். அதே இரவில் விமானத்தில் பறந்தபடி பார்த்த அமெரிக்கக் குழுவின் அளவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது ஒளி தாழ்ந்தது யுரேனஸின் வளையங்களால் என்று தெளிந்தது. வானப் பின்னணி இருட்டாக இருந்தால்தான் இத்தகைய நுண்ணிய தாழ்வுகள் சுத்தமாகப் பதிவாகும்.

2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கி 1986 ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதைக் கனவு கண்ட பாப்பு 1982இலேயே மறைந்துவிட்டார். அது அவர் பெயரையே தாங்கியது. 1988இல் இங்கே கண்ட சிறுகோள் ஒன்றுக்கு இராமானுஜன் பெயர்.

காவலூருக்கு வந்த வானியலாளர்களுக்கு இருட்டு அமைந்தது. அதைக் காப்பதுதான் கடினம். பழைய தாழ்அழுத்த சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி ஒரே நிறத்தில் அடங்கியது, வடிகட்டி வைத்து விலக்கிவிடலாம். வெள்ளை எல்இடியின் ஒளி எல்லா நிறங்களிலும் பரவியது. அதன் நீலப் பகுதி காற்றில் அதிகமாகச் சிதறி வானத்தையே வெளுக்கச் செய்கிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்த வந்த விளக்கு இது, குறை விளக்கில் மட்டும் இல்லை. மூடியில்லாமல் மேல்நோக்கி எரியவிடுவதிலும் இருக்கிறது. இருட்டை நம்பி வாழ்வது வானியலாளர் மட்டுமல்ல. இரவு நீண்டால் பூக்கும் சாமந்தி, இராத்திரியில் பல்பு எரிந்தால் மொட்டு வைப்பதைத் தள்ளிப்போடும். பூ வியாபாரத்துக்காக மலர் விவசாயிகள் அதைத் தெரிந்தே செய்கிறார்கள். தெருவிளக்கோ யாரும் கேட்காமலே அந்த வேலையைச் சுற்றியுள்ள செடிகொடிகளுக்கும் பூச்சிகளுக்கும் செய்துவிடுகிறது.

அமெரிக்காவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் அங்குள்ள வானாய்வகத்தைக் காக்க 1958இலேயே தேடுவிளக்குகளுக்குத் தடை விதித்தது. நம் நாட்டில் லடாக்கின் ஹான்லே சுற்றுவட்டாரம் 2022 டிசம்பரில் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஊர்க்காரர்களே வானம் காட்டும் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றார்கள். இருட்டு அவர்களுக்கு வருமானமாகவும் ஆனது. 2024இல் மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகமும் அந்த வரிசையில் சேர்ந்தது.

பின்னாளில் ஹான்லேயில் இன்னொரு பெரிய தொலைநோக்கி அமைந்ததற்கு அதன் 4,500 மீட்டர் உயரமும் வறண்ட காற்றும்கூடக் காரணம். ஆனாலும் இரவுவான ஆய்வுக்கு அரை நூற்றாண்டு முன்பே இடம் கொடுத்த தமிழ்நாடு, இருட்டைக் காப்பதில் முன்னே நின்றிருக்க வேண்டும். ஜவ்வாது மலை, சித்தேரி, வத்தல்மலை, 2022இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் என்று இந்தப் பக்கத்தில் காக்க வேண்டிய மலையும் காடும் நிறைய இருக்கின்றன. ஊராட்சி விளக்குக்கு மேல்மூடி போடுவதும், மஞ்சள் சாயல் பல்பு வாங்குவதும், நள்ளிரவுக்குப்பின் வெளிச்சத்தைக் குறைப்பதும் அடுத்த டெண்டரிலேயே எழுதிவிடக்கூடிய வேலைகள்.