அண்டை மொழி பேசிய ஆவி

நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கே செல்லும் சாலை பாறசாலையைக் கடந்து களியக்காவிளையை அடையும்போது மாநிலம் மாறுகிறது. பேச்சு அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. அன்று முதல் தமிழும் மலையாளமும் கலந்து வழங்கிய குடும்பங்களின் நடுவே எல்லைக்கோடு ஓடுகிறது.

அதே சாலையில் மேலும் சென்றால் தக்கலைக்கு அருகே, திருவிதாங்கூரின் பழைய தலைநகரான பத்மநாபபுரம். அதன் அரண்மனை நிற்பது தமிழ்நாட்டு மண்ணில். அதைப் பேணுவது கேரள அரசு. 1993 டிசம்பரில் வெளிவந்த 'மணிச்சித்திரத்தாழ்' என்ற மலையாளப் படத்தின் சில காட்சிகள் இம்மாளிகையிலும், மற்றும் சில திருப்பூணித்துறை அரண்மனையிலும் எடுக்கப்பட்டவை. தாழ் என்ற சொல்லுக்கு நமக்கு அகராதி தேவையில்லை.

ஃபாசில் இயக்கிய அப்படத்தின் கதையை எழுதியவர் மது முட்டம். மாடம்பள்ளி என்னும் செல்வக் குடும்பத்தின் பழைய வீட்டில் குடியேறும் கங்கை, பூட்டிக் கிடந்த தெக்கினியைத் திறக்கிறாள். அங்கே முற்காலத்தில் தஞ்சையிலிருந்து கொண்டுவரப்பட்ட நாகவல்லி என்னும் ஆடல் மகளைக் குடும்பத் தலைவரான காரணவர் சிறைவைத்துக் கொன்றார் என்பது வழிவழிக் கதை. பின்னர் வீட்டில் நிகழும் விபரீதங்களுக்குக் காரணம் யார் என்ற வினாவைப் படம் அவசரமின்றி நகர்த்துகிறது. பேயோட்டுவோர் ஒருபுறமிருக்க, மனநோய் மருத்துவர் ஒருவரே உண்மையைக் காண்கிறார்: கொலையுண்டவளின் துயரம் கங்கையின் நைந்த மனத்தில் குடிபுகுந்திருக்கிறது. சோபனா இவ்வேடத்துக்காகத் தேசிய விருது பெற்றார், தகும்.

ஆனால் நம்மை நெடுநேரம் சிந்திக்க வைப்பது வேறொன்று. கங்கை பேசுவது மலையாளம். நாகவல்லியாக மாறியவுடன் பேசுவது தமிழ். அவள் பாடியாடும் பாடலின் தமிழ் அடிகளை வாலி எழுதினார். கொச்சியில் அத்தமிழைக் கேட்டு நடுங்கியிருப்பார்கள். பாறசாலையில் அது அடுக்களையில் கேட்கும் மொழி! அங்கே நடுங்குவதற்குச் சற்று முயற்சி வேண்டும்.

இக்கதை பிற மொழிகளுக்குச் சென்றபோது நேர்ந்தது இன்னும் சுவையானது. 2005இல் பி. வாசு தமிழில் 'சந்திரமுகி'யாக எடுத்தபோது, ஆவிக்குத் தமிழ் பொருந்தவில்லை; ஆடல் மகள் தெலுங்கு பேசலானாள். அதற்கு முந்தைய ஆண்டில் வந்த கன்னட 'ஆப்தமித்ரா'விலும் தெலுங்குதான். 2007இல் இந்திக்குப் போனதும் அவள் வங்காளியானாள். ஒவ்வொரு நாட்டாரும் தம் அச்சத்துக்கு அண்டை வீட்டாரின் மொழியையே கொடுத்திருக்கிறார்கள். பூட்டிய அறைக்குள் இருப்பவள் ஒருபோதும் நம்மவள் அல்லள். கொன்றவர் மட்டும் நம்மவர். இதைப் படத்தின் குறை என்று நாம் சொல்லவில்லை. மனம் பிளவுபட்டதைக் காட்ட மொழியைப் பிளப்பது கூரிய உத்தியே. எனினும், இரண்டு மொழிகளிலும் ஒரே மூச்சில் சண்டையிட்டுச் சமாதானமாகும் எல்லைக் கிராமத்துப் பாட்டிமார்களுக்கு எந்த மருத்துவரும் தேவைப்பட்டதில்லை.

திரையில் கண்ட அந்த ஒரு முகத்துக்குக் குரல்கள் இரண்டு. கங்கைக்குப் பாக்கியலட்சுமி மலையாளத்தில் குரல் கொடுத்தார். நாகவல்லியின் தமிழ்க் குரல் துர்கா என்னும் கலைஞருடையது. அதை ஃபாசில் வெளிப்படச் சொன்னபோது படம் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.