பந்தயக் காரினுள் படக்கருவி: ஒரு வரலாற்று நோக்கு

நேரே கண்டறிதல், கண்டதைக் கொண்டு உய்த்தறிதல், கண்டவர் சொல்லக் கேட்டறிதல் என அறிவு மூவழியாகப் பிறக்கும் என்பது நம் அளவை நூலோர் கண்ட முடிபு. காட்சி, கருதல், உரை என்பன அவற்றின் பெயர்கள். இம்மூன்றனுள் முதலிடம் காட்சிக்கே உரியது. ஆயினும் காட்சியும் பழுதுபடும். இதுவோ அதுவோ என மயங்குவது ஐயம். ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது திரிபு. வகுப்பறையில் நாம் நாள்தோறும் வழங்கும் 'ஐயந்திரிபற' என்னும் தொடர் இவ்விரு குற்றங்களையும் விலக்கியே நிற்கிறது.

மோட்டார்ப் பந்தயத் தடத்தில் ஓடும் காரினுள் படக்கருவியைப் பொருத்தும் வழக்கத்தின் வரலாற்றை ஆராய்வார்க்கு இவ்வளவை முறை நல்லதோர் உரைகல்லாகும். காரும் காமிராவும் ஆசிரியர்க்கு எதற்கு என்று வினவுவார் இருக்கலாம். தன் செயலைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்வது எப்படி என்பதே இவ்வரலாற்றின் உட்பொருள் ஆதலின், கற்பிப்போர்க்கும் இதில் பங்குண்டு.

முதற்கண், தடநாள் என்பது யாதெனக் கூறுவோம். பந்தயம் நடவாத நாட்களில் பந்தயத் தடத்தைக் கட்டணம் பெற்றுக்கொண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிடுவர். 1999-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற நம் சிப்பாங் தடம் 5.543 கிலோமீட்டர் நீளமுடையது. 2017 வரை அங்கே பார்முலா ஒன் பந்தயம் நடைபெற்றது. அத்தகைய தடத்திலே சொந்தக் கார் வைத்திருப்போரும் தடநாளில் ஓட்டலாம். அது பந்தயமன்று; வென்றாரும் இல்லை, தோற்றாரும் இல்லை. தம் ஓட்டும் திறனைச் செம்மைப்படுத்திக் கொள்வதே நோக்கம்.

மணிக்கு 180 கிலோமீட்டர் விரைவில் செல்லும் கார் ஒரு நொடியில் 50 மீட்டர் கடந்துவிடும். அவ்விரைவில், "நூறு மீட்டர்ப் பலகைக்கு நேரே பிரேக்கை மிதித்தேன்" என்று ஓட்டியவர் கூறுவது வெறும் உரையளவையே. அரை நொடி மாறியிருந்தால் இடம் 25 மீட்டர் மாறியிருக்கும். ஆதலால், காட்சியைப் பதிவு செய்யக் கருவி வேண்டியதாயிற்று. எக்கருவி? கடையில் வினவினால் படத்தின் நுண்மையை எண்ணிட்டுக் காட்டுவர். வரலாற்றை வினவினால் விடை வேறாக வருகிறது.

படச்சுருள் காலம்

பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் 24 மணி நேரப் பந்தயம் ஆண்டுதோறும் நடைபெறுவது. 1955-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் அப்பந்தயத்தில் நேர்ந்த விபத்தில் 80-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டில் வென்ற இருவருள் ஒருவர் ஆங்கிலேயரான மைக் ஹாத்தோர்ன். அடுத்த ஆண்டுப் பந்தயத்திற்கு முன்னர், அவர் ஜாக்குவார் டி வகைக் காரிற் படக்கருவியும் ஒலிவாங்கியும் பொருத்தி, அத்தடத்தை ஒருமுறை சுற்றிவந்தார். தடத்தின் பெரும்பகுதி பொதுச் சாலை. ஆதலால், சைக்கிளில் செல்வோரும் பிற வண்டிகளும் அப்படத்தில் குறுக்கிடக் காணலாம். வளைவு ஒவ்வொன்றையும் இன்னவாறு கடத்தல் வேண்டும் என்று ஓட்டிக்கொண்டே அவர் விளக்குகிறார். 1958-இல் உலக வீரர் பட்டம் பெற்ற ஹாத்தோர்ன், 1959 ஜனவரியில் சாலை விபத்தொன்றில் தம் 29-ஆம் வயதில் இறந்தார். அவர் குரலோ இன்றும் அத்தடத்திற்கு வழிகாட்டி நிற்கிறது. காட்சியும் உரையும் ஒருங்கே அமைந்த பாடம் அது. படக்கருவி மட்டும் போதாது, ஒலியும் வேண்டும் என்பதற்கு அதுவே பழஞ்சான்று.

அக்காலக் கருவியின் பெருங்குறை யாது? சுருளின் நீளம். 16 மில்லிமீட்டர்ப் படச்சுருள் 100 அடி கொண்டது, நொடிக்கு 24 படம் வீதம் ஓடினால், 2 நிமிடம் 46 நொடியில் தீர்ந்துவிடும். லெ மான் தடமோ சுமார் 13½ கிலோமீட்டர். அன்றைய அதிவிரைவுக் கார்களுக்கே ஒரு சுற்றுக்கு 4 நிமிடத்திற்கு மேல் ஆயிற்று. ஒரு சுற்றையேனும் முழுமையாகக் கொள்ளாத கருவியை அங்கே கொண்டு செல்வதில் பயனில்லை.

1966-இல் வெளிவந்த 'கிராண்ட் பிரீ' என்னும் திரைப்படத்திற்காக இயக்குநர் ஜான் பிராங்கன்ஹைமர் பெரும் படக்கருவிகளைப் பந்தயக் கார்களிலேயே பிணைத்தார். 1961-ஆம் ஆண்டின் உலக வீரர் பில் ஹில் படக்கருவி தாங்கிய காரை ஓட்டி உதவினார். படத்தொகுப்பு, ஒலி, ஒலி விளைவு ஆகிய மூன்றுக்கும் அப்படம் ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. மூன்றில் இரண்டு ஒலிக்கு என்பது கருதத்தக்கது.

1971-இல் வெளிவந்த 'லெ மான்' திரைப்படத்தார் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். 1970-ஆம் ஆண்டின் உண்மைப் பந்தயத்திலேயே படக்கருவிகள் பொருத்திய போர்ஷே 908 கார் ஒன்றை ஓடவிட்டனர். ஹெர்பர்ட் லிங்கே, ஜொனதன் வில்லியம்ஸ் ஆகிய இருவர் ஓட்டினர். சுருள் மாற்றுவதற்காகப் பலமுறை நிற்க நேர்ந்தமையின், கார் குறித்த தூரத்தை எட்டவில்லை; முடிவுப் பட்டியலிலும் இடம் பெறவில்லை. படம் எடுப்பதும் பந்தயம் ஓடுவதும் ஒன்றையொன்று இடறும் என்பதை அது காட்டிற்று.

காட்சி எவ்வாறு திரிபுபடும் என்பதற்கு வேறொரு சான்று உண்டு. 1976-இல் கிளாட் லெலூஷ் என்னும் பிரெஞ்சு இயக்குநர், காரின் முன்புறம் படக்கருவியைப் பொருத்திப் பாரிஸ் நகரத் தெருக்களில் விடியற்காலையில் விரைந்து சென்று குறும்படம் ஒன்று எடுத்தார். கேட்பது பெராரி காரின் முழக்கம். ஓடியதோ மெர்சிடிஸ் கார். ஒலியைப் பின்னர்ச் சேர்த்ததை அவரே கூறினார். கண் ஒன்றைக் காணக் காது வேறொன்றைக் கேட்கிறது. காண்போர் உண்மையைவிட மிகுந்த விரைவை உணர்கின்றனர். கலைக்கு இது பொருந்தும். கற்றுக்கொள்ள விழைவார்க்கு இது நஞ்சு.

அலைவழி வந்த காட்சி

அடுத்த மாற்றம் தொலைக்காட்சியால் நேர்ந்தது. ஆஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்ட் நகரத்து மலைத்தடத்தில், 1979-ஆம் ஆண்டுப் பந்தயத்தின்போது, அந்நாட்டுச் சேனல் செவன் நிலையத்தார் பீட்டர் வில்லியம்சனின் டொயோட்டா செலிக்கா காரில் படக்கருவி பொருத்தி, ஓடும்போதே காட்சியை ஒளிபரப்பினர். ரேஸ்காம் என்பது அவ்வமைப்பின் பெயர். நுண்ணலைகள் நேர்கோட்டில் செல்வன. மலை குறுக்கிட்டால் தடைப்படும். அத்தடத்தின் தாழ்ந்த இடத்திற்கும் உயர்ந்த இடத்திற்கும் 174 மீட்டர் வேறுபாடு உண்டு. ஆகவே, காரிலிருந்து எழும் அலையை வானில் நின்ற ஹெலிகாப்டர் வாங்கித் தரை நிலையத்திற்கு அனுப்பிற்று. வில்லியம்சனும் ஓட்டிக்கொண்டே வருணனையாளரோடு உரையாடினார்.

1985-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் நடந்த பார்முலா ஒன் பந்தயத்தில், ரெனோ நிறுவனம் தன் மூன்றாம் காரில் படக்கருவி பொருத்திப் பிரான்சுவா எனோல் என்பாரை ஓட்டச் செய்தது. கிளச்சு பழுதுற்றதால் கார் எட்டுச் சுற்றோடு நின்றுவிட்டது. எனினும் வழி திறந்தது. இந்நாளில் பார்முலா ஒன் கார்களில் படக்கருவி இருப்பது வியப்பன்று. இல்லாவிடின் அதுவே வியப்பு.

கைக்குள் அடங்கிய கருவி

இவையெல்லாம் பெருநிறுவனங்களின் செயல்கள். தனி மனிதர் கைக்குக் கருவி வந்தது நாடாக்களின் காலத்தில். சோனி நிறுவனத்தின் 8 மில்லிமீட்டர் நாடாக் கருவி 1985-இலும், சிறிய எண்மின் நாடா 1995-இலும் வெளிவந்தன. ஆனால் நாடாவை இழுத்துச் சுழலும் உறுப்புகள் காரின் அதிர்வைத் தாங்கவில்லை. ஓட்டத்தின் இன்றியமையாத நொடியிலேயே படம் சிதறும். பின்னர் வந்த சுழல்தட்டுக் கருவிகளுக்கும் அதே நிலை.

இக்குறையைத் தீர்த்தது அசையும் உறுப்பே இல்லாத நினைவகம். தோஷிபா நிறுவனத்துப் பொறியியலார் புஜியோ மசுவோக்கா 1980-களில் உருவாக்கிய பிளாஷ் நினைவகமே இன்று நகத்தளவு அட்டையாக நம் கையில் உள்ளது. இதனோடு, அமெரிக்க விண்வெளி ஆய்வுக் கூடமொன்றில் எரிக் பாசம் குழுவினர் 1990-களில் வளர்த்த சீமாஸ் ஒளியுணரியும் சேர்ந்தது. கருவி சிறுத்தது, விலை குறைந்தது. கடலலைச் சறுக்கு விளையாட்டினர்க்கென நிக் உட்மன் 2002-இல் தொடங்கிய கோப்ரோ நிறுவனம், 2004-இல் விற்ற முதற் கருவி மணிக்கட்டில் கட்டும் படச்சுருள் காமிராவே. 2006-இல் வந்த எண்மின் கருவி பத்து நொடி மட்டுமே அசைபடம் எடுத்தது. சில ஆண்டுகளில் அதன் வழித்தோன்றல்கள் தடநாள் கார்களில் எங்கும் காணப்பட்டன.

ஐயமும் திரிபும்

இனி, தெரிந்தெடுக்கும் முறையைக் காண்போம். முதலாவது ஒளி. காரின் உட்புறம் இருள். வெளியே நம் நாட்டு நண்பகல் வெயில். கருவி இரண்டிற்கும் சராசரி கண்டால் சாலை வெளுத்து, வளைவின் விளிம்பு மறைந்துபோம். இது ஐயக்காட்சி. நடுப்பகுதியின் ஒளியைக் கொண்டு அளவு செய்யும் வசதியுள்ள கருவியே தகுதியுடையது.

இரண்டாவது அதிர்வு. சிறு கருவிகளில் பெரும்பாலானவை படத்தை ஒரே கணத்தில் பிடிப்பதில்லை; மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கின்றன. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே கருவி நடுங்கினால், நேரான தூண் அலையாடும் குளத்து நீரிற் கண்ட நிழல்போல் நெளியும். இது திரிபுக்காட்சி. வரிகளை விரைந்து படிக்கும் கருவியைத் தேர்வதும் அதிர்வில்லா இடத்திற் பொருத்துவதும் இதற்கு மருந்து. நடுக்கத்தை அடக்கும் மின்னணு ஏற்பாடு நடப்பவர்க்கு நன்று, காருக்கு ஏலாது. அது தொடுவானத்தை நிறுத்தி வைக்க முயல்வதால், காரின் உட்புறமே மிதப்பதுபோல் தோன்றும்.

மூன்றாவது கண்ணாடிவில்லை. மிக அகன்ற பார்வையுடைய வில்லை ஓரங்களின் விரைவை மிகுத்துக் காட்டும். தொலைவிலுள்ள வளைவைச் சிறிதாக்கும். ஓட்டுநரின் கைகளும் சாலையும் ஒருங்கே தெரியும் அளவு போதும்.

நான்காவது படங்களின் வீதம். நொடிக்கு 25 படம் எனில், முன்சொன்ன விரைவில் ஒரு படத்திற்கும் மறு படத்திற்கும் இடையே கார் 2 மீட்டர் கடக்கும். 50 படம் எனில் 1 மீட்டர். பிரேக்கு மிதித்த இடத்தை அறிய விரும்புவார், படத்தின் பருமையைவிட வீதத்தையே நாடல் வேண்டும்.

ஐந்தாவது கொள்ளளவு. நொடிக்கு 100 மெகாபிட் எழுதும் கருவி ஒரு மணிக்கு 45 கிகாபைட் நிரப்பும். 64 கிகாபைட் அட்டை சுமார் 85 நிமிடம் தாங்கும். லெ மான் படத்தாரை வருத்திய சுருள் துன்பம் இன்று நீங்கியது. ஆனால் வெயிலில் நிற்கும் காரின் வெப்பத்தால் கருவி தானே நின்றுவிடும் புதுத் துன்பம் வந்துள்ளது. ஒலிவாங்கியைக் கருவியிலேயே வையாது, காற்றுப் படாத இடத்தில் தனியே வைத்தலும் நலம்.

பிடிமானம்

இவை அனைத்தினும் முதன்மையானது பிடிமானம். 150 கிராம் எடையுள்ள கருவி மிகச் சிறியது என்று கருதுவோம். மோதலின்போது, புவியீர்ப்பைப் போல் 50 மடங்கு விசை தோன்றினால் அது ஏழரைக் கிலோகிராம் எடையின் விசையோடு தன் பிணைப்பை இழுக்கும். பிணைப்பு அறுந்தால் ஓட்டுநரின் தலையை நோக்கிப் பறக்கும். கண்ணாடியில் ஒட்டும் உறிஞ்சு கிண்ணம் வெப்பத்தில் நெகிழ்வது. காரின் கூண்டுச் சட்டத்தில் திருகாணியால் இறுக்கிய குட்டையான பிடியும் அதற்குத் துணையாக ஒரு கட்டுக்கயிறும் வேண்டும். நீண்ட பிடி அதிர்வையும் பெருக்கும். தடநாள் நடத்துவோர் பலர் பிடிமானத்தைச் சோதித்த பின்னரே இசைவு தருவது இக்காரணம் பற்றியே. காசு குறைவாயிருப்பின் கருவியிற் குறைத்துப் பிடியிற் செலவிடுக.

காட்சியினின்று கருதல்

படம் மட்டும் விரைவைச் சொல்லாது. ஜி.பி.எஸ். எனும் துணைக்கோள் இடங்காட்டி அதனைச் சொல்லும். 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க அரசு பொதுமக்கள் பெறும் குறியலையில் வேண்டுமென்றே பிழை சேர்த்து வந்தது. பிழை 100 மீட்டர் அளவும் நேரலாம் ஆதலின், தடத்தில் அதனால் பயனில்லை. அத்தடை நீங்கிய பின்னரே படத்தின் மீது விரைவையும் இடத்தையும் எழுதிக் காட்டும் கருவிகள் பொருளுடையவாயின. நொடிக்கு ஒருமுறை இடம் குறிக்கும் கருவிக்கு இடைவெளி 50 மீட்டர். பத்துமுறை குறிப்பதற்கு 5 மீட்டர். கற்க விழைவார் பின்னதையே கொள்ளல் வேண்டும். ஒரே வளைவில் இரு சுற்றுகளை அருகருகே வைத்து, இங்கே விரைவு குறைந்தது, ஆதலின் முன்னரே பிரேக்கை மிதித்திருத்தல் வேண்டும் என்று உணர்வது கருதலளவை.

யாருக்காக இக்காட்சி?

ஆகவே, கருவியைத் தெரியுமுன் விடை காணவேண்டிய வினா ஒன்றே: இக்காட்சியைக் காணப்போவார் யார்? பிறர் எனில், லெலூஷ் வழி தகும். தாமே எனில், ஹாத்தோர்ன் வழியே தகும். பிறர் மெச்சுதற்கென்று ஓட்டுவார் படக்கருவிக்கு நடிக்கத் தொடங்குவர். தடத்தில் நடிப்பு உயிருக்கு இறுதி தரும். தாம் திருந்துதற்கென்று பதிவு செய்வார்க்கு, மங்கலாயினும் பொய் சொல்லாத படமே பொன்.

இம்முறை ஆசிரியர்க்குப் புதிதன்று. 1963-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவர்தம் துணைவரும் நுண்ணிலைக் கற்பித்தல் என்னும் பயிற்சியை வகுத்தனர். பயிற்சியாசிரியர் சிறு பாடம் ஒன்றை நடத்துவார். அதனைப் பதிவு செய்து அவருக்கே காட்டுவர். குறை கண்டு மீண்டும் நடத்துவார். வகுப்பில் எல்லா மாணவரையும் வினவினேன் என்று எண்ணியிருந்தவர், முன்வரிசையை மட்டுமே வினவியதைப் படத்திற் காண்பார். நூறு மீட்டர்ப் பலகையில் மிதித்தேன் என்ற ஓட்டுநர் நிலையும் அதுவே. நம் நினைவு நமக்குச் சாதகமாகவே சான்று கூறும். அச்சான்றைக் குறுக்கு வினவ ஒரு கண் வேண்டும். அக்கண் அசையாது நிற்க வேண்டும், நெடிது பார்க்க வேண்டும், ஐயந்திரிபறக் காட்ட வேண்டும். விலையும் பெயரும் அதற்குப் பின்னரே.