குடிநீரும் டிஞ்சரும்: காலனிய மருந்தியலில் நிலவேம்பு

மூலிகையின் வேர், பட்டை, இலை முதலியவற்றை எரிசாராயத்தில் சில நாள் ஊறவைத்து வடித்தெடுக்கும் மருந்து டிஞ்சர் எனப்படும். சாயமேற்றுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது இப்பெயர். சித்த மருத்துவத்தில் பெரிதும் குடிநீராக வழங்கிய நிலவேம்பு, காலனிய ஆட்சியில் டிஞ்சராகவும் வடிவம் பெற்றது. அம்மாற்றத்தின் காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

எட்வர்டு ஜான் வாரிங் தொகுத்து 1868இல் வெளியான ‘ஃபார்மகோபியா ஆஃப் இந்தியா’, நிலவேம்பை ஏற்புடைய மருந்துகளுள் ஒன்றாகச் சேர்த்தது. வெந்நீரில் ஊறவைக்கும் முறையோடு, வெள்ளைப்போளமும் கரியபோளமும் கூட்டிப் பிராந்தியில் ஊறவைக்கும் கூட்டு டிஞ்சரும் அக்காலச் செய்முறைகளுள் இடம்பெற்றது. சென்னை மருத்துவர் முகைதீன் ஷெரீப் 1869இல் வெளியிட்ட துணைநூல், மூலிகைகளின் தமிழ்ப் பெயர்களையும் பிறமொழிப் பெயர்களையும் தொகுத்தளித்தது. பெயர் தமிழாகவே பதிவாயினும் மருந்தின் வடிவம் ஐரோப்பியமாயிற்று.

இதற்கு முதற்காரணம் காலம். எட்டுக்கு ஒன்றாகக் காய்ச்சப்படும் குடிநீரின் ஆயுள் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம் என்பது சித்த மருத்துவ வரையறை. ஆகவே அதனை அவ்வப்போது நோயாளியின் வீட்டிலேயே காய்ச்ச வேண்டும். டிஞ்சரோ நெடுநாள் கெடாது, புட்டியில் அடைத்துத் தொலைவிலுள்ள மருந்தகங்களுக்கு அனுப்பலாம், அளந்து கொடுக்கலாம். எனவே அதன் ஏற்றத்தை மருத்துவச் சிறப்பால் மட்டும் விளக்குதல் பொருந்தாது. நிர்வாகத் தேவையும் அதில் கலந்துள்ளது.

எனினும் இம்மாற்றம் முற்றிலும் நிர்வாகம் சார்ந்ததன்று. நிலவேம்பின் கசப்புப்பொருளாகிய ஆன்ட்ரோகிராஃபோலைடு நீரில் அரிதாகவே கரையும். சாராயத்தில் அதனினும் மிகுதியாகக் கரையும். ஆகவே குடிநீரும் டிஞ்சரும் ஒரே மருந்தின் இரு வடிவங்கள் எனக் கொள்வது பிழையாகும். ஒன்றன் பயனை மற்றொன்றுக்கு ஏற்றிக் கூறும் ஆய்வுகள் இவ்வேறுபாட்டைக் கருத வேண்டும்.

சாராயம் மருந்தை ஆயத்தீர்வையின் எல்லைக்குள்ளும் கொணர்ந்தது. 1937ஆம் ஆண்டு சென்னை மதுவிலக்குச் சட்டத்திற்குப் பின் சாராயம் கலந்த மருந்துகள் ஐயத்துடன் நோக்கப்பட்டன. அவற்றுக்கான தீர்வையை 1955ஆம் ஆண்டு நடுவணரசுச் சட்டம் ஒழுங்குபடுத்தியது. குடிநீர் இவ்வெல்லைக்கு வெளியே நின்றது.

2012இல் டெங்கு பரவியபோது தமிழக அரசு மக்களுக்கு வழங்கியது நிலவேம்புக் குடிநீரையே. உலர்ந்த குடிநீர்ச் சூரணமாகச் சேமித்து, வேண்டும்போது காய்ச்சிக்கொள்ளும் முறை இதற்குத் துணைநின்றது. சேமிப்பு என்னும் சிக்கலுக்குச் சாராயம் ஒன்றே தீர்வன்று என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.