கூத்துக் கொட்டகையைத் தாங்கிய கைகள்

எமது கல்லூரியின் நூறு ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்கும் இம்மலரில், கல்லூரியைச் சூழ்ந்திருந்த ஊர்களின் கலை வரலாற்றுக்கும் ஓர் இடம் வேண்டும். எம்மில் பலர் பள்ளி மண்டபத்து மேடையில் ஏறுமுன்பே ஊர்க் கூத்துக் கொட்டகையின் முன் பாய் விரித்து விடியும்வரை விழித்திருந்தவர்கள். அந்தக் கொட்டகை யாருடைய பணத்தில் எழுந்தது, யாருடைய உழைப்பில் நின்றது என்பதை இங்கு நினைவுகூர விரும்புகிறோம்.

மன்னார்த் தீவிலும் எதிர்க்கரையான மாதோட்டத்திலும் கூத்து நீண்டகாலமாக ஆடப்பட்டு வந்தது. யாழ்ப்பாணப் பாங்கு, மாதோட்டப் பாங்கு என இருவகை மரபுகள் இங்கு உண்டு. பல இரவுகள் நீளும் நாடகங்களைச் சுருக்கி ஓரிரவில் ஆடும்போது அதனை ‘வாசாப்பு’ என்பர். கத்தோலிக்க ஊர்களில் புனிதர்களின் கதைகளும் வேதாகமக் கதைகளும் ஆடப்பட்டன. பேசாலையில் ‘உடக்கு’ எனப்படும் உருவங்களைக் கொண்டு இயேசுவின் பாடுகளைக் காட்டும் உடக்குப் பாஸ் புகழ்பெற்றது.

இவற்றுக்கெனத் தனிக் கலைமண்டபமோ அரச மானியமோ இருக்கவில்லை. ஊரே மண்டபம், ஊரே நிதிச்சபை. வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் சேர்த்தார்கள். கடற்றொழில் செய்தோர் தமது பாட்டில் ஒரு பங்கைக் கொடுத்தார்கள். கமம் செய்தோர் நெல் கொடுத்தார்கள். பணம் இல்லாதவர் பனைமரமும் கிடுகும் கொண்டுவந்து கொட்டகை போட்டனர். மாதக்கணக்காகப் பழக்கிய அண்ணாவியாருக்கு அரங்கேற்ற இரவில் சபையறியச் சன்மானம் வழங்கப்பட்டது. ரிக்கற் விற்று நடத்திய ஆட்டம் அல்ல அது. கொடுத்தவரும் கொடாதவரும் ஒரே மணலில் அமர்ந்து பார்த்தனர்.

இதில் பெண்களின் பங்கு என்ன? அக்காலத்தில் அவர்கள் மேடையேறவில்லை. இராணியாகவும் தோழியாகவும் ஆடியவர்கள் ஆண்களே. ஆனால் அந்த இராணி உடுத்த சேலையும் அணிந்த சங்கிலியும் ஊர்ப் பெண்களுடையவை. ஒத்திகை இரவுகளில் தேநீரும் பலகாரமும் அவர்கள் கையால் வந்தவை. வீட்டுப் பங்காகக் கொடுத்த பணத்திலும் அவர்கள் ஓலை இழைத்துச் சேமித்த காசு கலந்திருந்தது. பட்டியலில் எழுதப்பட்டதோ குடும்பத் தலைவரின் பெயர்.

1960களில் இக்கூத்துகள் அச்சேறின. இலங்கைக் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராக இருந்தவரும், பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானவருமான பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னார்க் கூத்துகளைப் பதிப்பித்தார். எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம் 1964இலும், மூவிராசாக்கள் நாடகம் 1966இலும், ஞானசவுந்தரி நாடகம் 1967இலும் வெளிவந்தன. எம்பரதோர் என்பது பேரரசனைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல். அதையும் தமிழாக்கிப் பாடிய மண் எமது மண். பதிப்பாசிரியரின் கைக்கு வரும்வரை அந்த ஏடுகளையும் கொப்பிகளையும் கறையானிலிருந்து காத்தவை எளிய வீடுகளே.

ஊர் கூடிக் கொடுப்பதன் வலிமைக்கு அயலிலும் சான்று உண்டு. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1933இல் க. மு. செல்லப்பா அவர்களின் வீட்டில் சிறு நூலகமாகத் தொடங்கியது. 1950களில் புதிய கட்டடத்துக்கு நிதி தேவைப்பட்டபோது, மேயர் சாம் சபாபதியும் லோங் அடிகளாரும் முன்னின்றனர். களியாட்டவிழா, கலை நிகழ்ச்சிகள், அதிர்ஷ்டலாபச் சீட்டு என மக்களிடமே பணம் திரட்டப்பட்டது. 1959இல் கட்டடம் திறக்கப்பட்டது. 1981இல் அது எரிக்கப்பட்டபோது அத்தனை பேர் தம் வீடு எரிந்ததுபோல் அழுததற்குக் காரணம், அதில் அவர்களுடைய ரூபாயும் இருந்தது.

எமது கரையும் பட்டது கொஞ்சமல்ல. 1990இல் ஆயிரக்கணக்கானோர் தலைமன்னாரிலிருந்து வள்ளங்களில் இராமேஸ்வரம் சென்றனர். அதே ஆண்டு ஒக்ரோபரில் எமது முஸ்லிம் சகோதரிகள் குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் அகதிகளாயினர். வீடுகளோடு கூத்துக் கொப்பிகளும், உடுப்புப் பெட்டிகளும், கணக்குப் புத்தகங்களும் போயின. யார் எவ்வளவு கொடுத்தார் என்ற எழுத்து இல்லாத ஊர்களில், எஞ்சியிருப்பது முதியோரின் ஞாபகம் மட்டுமே.

இன்று பெண்பிள்ளைகளும் கூத்தாடுகிறார்கள். அரச நிதியிலும் வெளியார் உதவியிலும் மண்டபங்கள் எழுகின்றன. அவற்றை நன்றியோடு வரவேற்கிறோம். ஆனால் கட்டடத்தைப் பிறர் தரலாம், அண்ணாவியாரிடம் ஒரு பருவம் முழுவதும் இருந்து பழகும் பொறுமையைப் பிறர் தர முடியாது. தமது பங்கு கொடுத்த ஊர்தான் மண்டபத்தில் விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ளும்.

ஆகவே, உலகெங்கும் வாழும் எமது பழைய மாணவிகளிடம் இரண்டு வேண்டுகோள்கள். நூற்றாண்டுக்காக நீங்கள் அனுப்பும் நிதியில் ஒரு சிறு பங்கு, எமது மாணவிகள் அண்ணாவிமாரிடம் கூத்துப் பழகுவதற்கு ஒதுக்கப்பட வேண்டும். அடுத்தது, பணம் வேண்டாதது: உங்கள் அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ இன்றே கேளுங்கள். எந்தக் கூத்துக்குச் சேலை கொடுத்தார், எந்த இராசாவுக்குச் சங்கிலி கொடுத்தார், அது திரும்பி வந்ததா என்று கேட்டு, அவர் பெயரோடு எழுதி அனுப்புங்கள். பட்டியலில் விடுபட்ட அந்தப் பெயர்களை நாமாவது எழுதி வைப்போம்.