பாம்பன் பாலமும் நான் பட்ட கோபமும்



நேற்று காரங்காட்டில் பலத்த காற்று. அலையாத்திக் காட்டுப் பக்கம் படகுச் சவாரி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் வருத்தத்தோடு திரும்பிப் போனது. அதைப் பார்த்ததும் எனக்குப் பாம்பன் நினைவு வந்துவிட்டது. கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள்.

பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது 1914 பிப்ரவரி 24. கடல்மேல் சுமார் 2 கி.மீ. நீளம். கப்பல் போக வழிவிட, நடுவில் இரண்டாகப் பிரிந்து மேலே தூக்கும் ஷெர்ஜர் தூக்குப் பாலம். எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். அதுதான் போட் மெயில்.

1964 டிசம்பர் 22 இரவு புயல் அடித்தபோது நான் சிறுவன். ஓட்டு வீடு அதிர்ந்ததும், அப்பா எங்களை மூலையில் உட்கார வைத்ததும் நினைவிருக்கிறது. அந்த இரவில் பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கியபோது அலை அதை அடித்துச் சென்றது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாலத்தின் 146 கண்களில் 126 கண்களின் கர்டர்களைக் கடல் கொண்டுபோனது. தூக்குப் பாலம் மட்டும் தாக்குப்பிடித்தது.

சீரமைக்கும் பொறுப்பு 32 வயதுப் பொறியாளர் இ. ஸ்ரீதரனிடம் வந்தது. ரயில்வே கொடுத்த கெடு 6 மாதம், மேலதிகாரி அதை 3 மாதமாகக் குறைத்தார், அவர் முடித்ததோ 46 நாளில். கர்டர்கள் கடலில் கிடக்கும் இடத்தைச் சொன்னவர்கள் நம் மீனவர்கள். பாலம் மீண்டது. ஆனால் தனுஷ்கோடி மீளவில்லை. அந்த ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. ரயில் ராமேஸ்வரத்தோடு நின்றது.

இனி என் கதை. பல வருடங்களுக்கு முன் உங்களில் சிலரை ராமேஸ்வரத்துக்குச் சுற்றுலா கூட்டிப் போனேன். மண்டபத்தில் ரயில் நின்றுவிட்டது. பாலத்தில் காற்றை அளக்கும் கருவி உண்டு, வேகம் மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் சிக்னல் சிவப்புதான். பிள்ளைகளுக்குப் பசி, எனக்குப் பதற்றம். "இந்தக் காற்றுக்கா ரயிலை நிறுத்துவீர்கள்?" என்று அங்கிருந்த ஊழியரிடம் சத்தம் போட்டேன். அவர் அமைதியாக, "சார், 64-ல நிறுத்தியிருந்தா?" என்று மட்டும் கேட்டார். 64-ஐ வகுப்பில் பாடமாகச் சொன்ன எனக்குப் பதில் வரவில்லை. மன்னிப்பும் கேட்காமல் வந்துவிட்டேன்.

உப்புக்காற்றில் துருவேறிய பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறந்தார்கள். பழையதைவிட 3 மீட்டர் உயரம். 72.5 மீட்டர் நீளக் கண் அப்படியே செங்குத்தாக மேலே எழும். துருவைத் தடுக்கத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, தனி வகைப் பூச்சு, வெல்டிங் செய்த இணைப்புகள். இத்தனை இருந்தும் காற்று மிஞ்சினால் ரயில் நிற்கத்தான் வேண்டும்.

கடல் சூடேற ஏற, புயலின் வேகமும் மழையின் அளவும் கூடும் என்கிறது அறிவியல். பாலம் வலுவாக இருந்தால் மட்டும் போதாது. நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கும் ஒழுங்கும் வேண்டும். அலையின் வேகத்தை முன்னாலேயே குறைக்கும் அலையாத்தி மரமும் வேண்டும்.

என் மாணவர்களில் ரோடு போடுகிறவர்கள், பாலம் கட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள். கண்மாய்க்குப் போகும் ஓடையை அடைத்து ரோடு போடாதீர்கள், தண்ணீர் தன் வழியைத் திரும்பக் கேட்கும். அன்று மண்டபத்தில் என்னோடு இருந்த பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் கீழே எழுதுங்கள். அந்த ஊழியரிடம் கேட்காத மன்னிப்பை இன்று உங்கள் முன் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார், காரங்காடு