டிராகன்லான்ஸ் புதினங்கள்

டிராகன்லான்ஸ் என்பது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டுக்காக உருவான கிரின் என்ற கற்பனை உலகையும், அதில் நடக்கும் மாயாஜாலப் புதினங்களின் வரிசையையும் குறிக்கும் பெயர். மார்கரெட் வைஸ், டிரேசி ஹிக்மன் என்ற இரு அமெரிக்கர்கள் சேர்ந்து எழுதிய முதல் புதினம் 1984 நவம்பரில் வெளியானது. பிறகு பல எழுத்தாளர்களும் எழுத, வரிசை 150 நூல்களைத் தாண்டியது.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் 1974இல் கொண்டுவந்த அந்த விளையாட்டுக்குப் பலகையும் காய்களும் கட்டாயமில்லை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடம் ஏற்று, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். இந்த ஆட்டத்திலிருந்து முதலில் நாவல் எழுதியவர் ஆண்ட்ரே நார்ட்டன். அவருடைய ‘குவாக் கீப்’ 1978இல் வந்தது. ஆட்டமும் நாவலும் ஒரே திட்டமாக, ஒரே நேரத்தில் வளர்ந்தது டிராகன்லான்ஸில்தான்.

1982இல், அந்த விளையாட்டை வெளியிட்டுவந்த, விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவில் இருந்த டி.எஸ்.ஆர். நிறுவனத்தில் ஹிக்மனுக்கு வேலை கிடைத்தது. யூட்டாவிலிருந்து குடும்பத்தோடு காரில் போகும் வழியில் அவரும் மனைவி லாராவும் பேசிப் பேசி இந்த உலகின் கருவை உருவாக்கினார்கள். டிராகன்களை மையமாக வைத்து, தொடர்ச்சியான ஒரே பெருங்கதையாக ஓடும், ஆட்டத்துக்கான சாகச ஏடுகளை வெளியிட நிறுவனம் ஒப்புக்கொண்டது. 1984 முதல் 1986 வரை 14 ஏடுகள் வந்தன. கூடவே வரவேண்டிய நாவலுக்கு முதலில் வெளியிலிருந்து ஓர் எழுத்தாளரை அமர்த்தினார்கள், அது சரிவரவில்லை. நூல் பிரிவில் பதிப்பாசிரியராக இருந்த வைஸும் ஹிக்மனும் தாங்களே எழுத முன்வந்தார்கள். இலையுதிர்காலம், குளிர்காலம், வசந்தகாலம் என்று பருவங்களைத் தலைப்பில் தாங்கிய மூன்று நூல்களும் அப்படிப் பிறந்தவையே. லாரி எல்மோர் வரைந்த அட்டை ஓவியங்கள் பாத்திரங்களின் முகங்களை வாசகர் மனத்தில் பதித்தன.

கதை சாலஸ் என்ற ஊரின் விடுதியில் தொடங்குகிறது. பிரம்மாண்டமான மரங்களின் மேல் கட்டப்பட்ட ஊர் அது. ஐந்தாண்டுகளுக்கு முன் பிரிந்த நண்பர்கள் அங்கே மீண்டும் கூடுகிறார்கள். அதற்கும் மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பு, செருக்கு முற்றிய இஸ்டார் நகரின்மேல் தேவர்கள் எரியும் மலையொன்றை வீசினார்கள். அன்றிலிருந்து தேவர்கள் மக்களை விட்டு விலகியிருக்கிறார்கள். தங்கத்துக்கு மதிப்புப் போய், எஃகே நாணயமாகிவிட்டது.

ஆட்டவிதியைக் கதையின் உயிராக மாற்றும் திறமை இங்கேதான் தெரிகிறது. விளையாட்டில் காயத்தை ஆற்றுவது பூசாரியின் வேலை. பூசாரியில்லாக் குழு தப்பிப்பது கடினம். ஆசிரியர்கள் அந்த வசதியைப் பிடுங்கிவிட்டார்கள். தேவர்கள் இல்லாத உலகில் குணப்படுத்தும் சக்தியும் இல்லை. அதனால் கோல்ட்மூன் என்ற பழங்குடிப் பெண் நீலப் படிகக் கோலோடு வந்து ஒரு காயத்தை ஆற்றும்போது, ஆட்டத்தில் அன்றாடம் நடக்கும் ஒரு காரியம் இங்கே அற்புதமாகிவிடுகிறது. ஹிக்மன் மோர்மன் சபையைச் சேர்ந்தவர். இழந்த இறைநம்பிக்கை மீண்டு வருவது கதையில் இவ்வளவு அழுத்தம் பெறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மந்திரவாதி ரெய்ஸ்ட்லின், வீரன் கேரமன் என்ற இரட்டையர் இன்னும் நல்ல சான்று. அக்கால விதிப்படி, மந்திரவாதியின் உடல் வலுவைக் கணக்கிட 4 முகப் பகடை. வீரனுக்கு 10 முகப் பகடை. மந்திரவாதி கவசம் அணியக்கூடாது, வாள் ஏந்தக்கூடாது. மந்திரத்தைக் காலையில் மனப்பாடம் செய்ய வேண்டும். ஒருமுறை சொன்னதும் அது நினைவிலிருந்து அழிந்துவிடும். ஜாக் வான்ஸின் 1950ஆம் ஆண்டுக் கதைகளிலிருந்து விளையாட்டுக்கு வந்த ஏற்பாடு இது. இந்த வறண்ட விதிகளே இருமிக்கொண்டு, அண்ணன் தோளில் சாய்ந்து நடக்கும் ரெய்ஸ்ட்லினின் உடம்பாகிவிட்டன. பொன்னிறத் தோல், மணற்கடிகார வடிவில் கண்பாவை. பார்க்கும் முகமெல்லாம் மூப்படைந்து அழிவதாகவே அவனுக்குத் தெரிகிறது. உறக்க மந்திரத்துக்கு விதிநூல் கேட்கும் பொருள்களில் ரோஜா இதழும் ஒன்று. அந்த வாசனை அவன் அங்கியோடு கூடவே வருகிறது. அவனுடைய கிசுகிசுப்புக் குரலோ விதிநூலில் இல்லாதது. ஹிக்மன் வீட்டில் நடந்த சோதனை ஆட்டத்தில் டெரி பிலிப்ஸ் என்பவர் அந்த வேடத்துக்குத் தாமாகவே கொடுத்த குரல் அது. அண்ணனின் வலிமைமேல் பொறாமையும், அவனில்லாமல் வாழமுடியாத கசப்பும் சேர்ந்த இந்தப் பாத்திரத்துக்காகவே 1986இல் இரட்டையர் கதை தனி மூன்று நூல்களாக வந்தது. வரிசையின் சிறந்த பகுதி இதுவே.

திருடன் என்ற வேடத்தை, உடைமை என்றால் என்னவென்றே அறியாத குழந்தைமனம் கொண்ட கெண்டர் இனமாக மாற்றியதும் இதே வகைக் கற்பனை.

குறையும் உண்டு. முதல் நாவல் சாகச ஏடுகளின் தடத்தை ஒட்டியே நடப்பதால், சில அத்தியாயங்களில் ஓர் அறை, ஒரு சண்டை, அடுத்த அறை என்று ஆட்டத்தின் எலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது. இரண்டாம் நூலில் ஆசிரியர்கள் துணிந்து தாவினார்கள். ஏடுகளில் விரிவாக வந்த குள்ளர் நகரப் பயணத்தைத் தாண்டிப்போனார்கள். அந்த இடைவெளியை நிரப்பும் நாவல் 2006இல்தான் வந்தது. பலன், இரண்டாம் நூலில் ஸ்டர்ம் பிரைட்பிளேட் கோட்டை மதில்மேல் தனியாக நின்று டிராகனை எதிர்கொண்டு சாகும் காட்சி. ஆட்டத்தில் முக்கியப் பாத்திரங்கள் பாதியில் இறந்துவிடாமல் காக்க ஏடுகளில் தனி விதியே இருந்தது. நாவலில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

பின்னாளில் வணிகம் கதையை இழுத்தடித்தது. 1995இல் வந்த நாவலின் முடிவில் தேவர்களும் மந்திரமும் உலகைவிட்டு நீங்கினார்கள். மறுஆண்டு, பகடைக்குப் பதில் சீட்டுகளால் ஆடும் புதிய விளையாட்டு வெளியானது. வாசகர் பலருக்கு அந்த மாற்றம் பிடிக்கவில்லை. 2000 முதல் 2002 வரை வந்த மூன்று நாவல்களில் வைஸும் ஹிக்மனும் தேவர்களைத் திரும்ப அழைத்துவந்தார்கள்.

டிராகன்லான்ஸ் திறந்த வழியில் மற்றவர்கள் வந்தார்கள். கனடாக்காரரான எட் கிரீன்வுட் சிறுவயதிலிருந்தே கற்பனை செய்துவந்த ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’ உலகில் ஆர்.ஏ. சால்வடோர் 1988இல் டிரிஸ்ட் என்ற கரிய எல்ஃப் வீரனைப் படைத்தார். துணைப்பாத்திரமாக நுழைந்த டிரிஸ்ட் தொடரையே தனதாக்கிக்கொண்டான். ஜப்பானில் ரியோ மிசுனோவின் ‘லோடோஸ் தீவுப் போர்’ பத்திரிகையில் தொடராக அச்சான ஆட்டப் பதிவிலிருந்து நாவலானது.

இந்த உலகங்கள் நிறுவனத்தின் சொத்து, எழுதியவருடையவை அல்ல. டி.எஸ்.ஆரை 1997இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. விசார்ட்ஸை 1999இல் ஹாஸ்ப்ரோ வாங்கியது. புதிய மூன்று நாவல்களுக்கான ஒப்பந்தத்தை விசார்ட்ஸ் பாதியில் முறித்துவிட்டது என்று வைஸும் ஹிக்மனும் 2020 அக்டோபரில் சியாட்டில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். டிசம்பரில் தாங்களே அதைத் திரும்பப் பெற்றார்கள். அந்த நாவல்கள் 2022, 2023, 2024 ஆண்டுகளில் ஒவ்வொன்றாக வெளியாயின.