ஹேர்மிஸ் என்னும் விமானந் தாங்கிக் கப்பல்



மட்டக்களப்புக் கடலின் அடியிலே, கரையிலிருந்து சில மைல் தொலைவில், பெருங் கப்பலொன்று சரிந்து கிடக்கின்றது. ஹேர்மிஸ் என்பது அதன் பெயர். விமானங்களைத் தாங்குவதற்கெனவே அடிக்கட்டை முதலாகத் திட்டமிட்டுக் கட்டத் தொடங்கப்பெற்ற முதற் கப்பல் அதுவேயாகும்.

முதலாம் உலகப் போர்க் காலத்திலே, பிற தேவைகளுக்கெனக் கட்டப்பட்ட கப்பல்களையே பிரித்தானியர் இப்பணிக்கு மாற்றியமைத்தனர். 1917 ஓகஸ்ட் 2 ஆம் நாள், ஓடிக்கொண்டிருந்த பியூரியஸ் என்னும் கப்பலின் முன்தளத்தில் டன்னிங் என்னும் விமானி இறங்கினார். தோழர்கள் ஓடிச்சென்று விமானத்தைக் கைகளாற் பற்றி நிறுத்தினர். ஐந்து நாட்களின் பின் மீண்டும் முயன்றபோது அவர் கடலில் வீழ்ந்து உயிரிழந்தார். பின்பு அக்கப்பலின் பிற்பகுதியிலும் ஓர் இறங்குதளம் அமைத்தனர். ஆயின், நடுவே நின்ற மேற்கட்டும் புகைபோக்கியும் காற்றைச் சுழலச் செய்தமையால், அங்கு இறங்குவதும் ஆபத்தாயிற்று. தளம் தடையின்றி நீளவேண்டும். அவ்வாறாயின், கப்பலைச் செலுத்துவோர் நிற்கும் மேடையை எங்கே வைப்பது? புகையை எவ்வழியே போக்குவது? இவையே கப்பல் வல்லுநரை வாட்டிய வினாக்கள்.

1918 தை மாதத்தில், இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில், ஆம்ஸ்ட்ரோங் நிறுவனத்தார் ஹேர்மிஸைக் கட்டத் தொடங்கினர். அவ்வாண்டே போர் முடிந்தது, அவசரமும் அகன்றது. 1919 இல் கப்பல் நீரில் இறக்கப்பட்டபோதிலும், ஈகிள் என்னும் கப்பலில் 1920 இல் நிகழ்ந்த சோதனைகளை நோக்கி அதன் அமைப்பு மீண்டும் திருத்தப்பட்டது. 1924 மாசியிலேதான் அது சேவையிற் சேர்ந்தது. 600 அடி நீளக் கப்பலில், மேடையும் புகைபோக்கியும் வலப்புற ஓரத்தில் ஒரு சிறு தீவுபோல ஒதுங்கி நின்றன. இன்றைய விமானந் தாங்கிகளிலும் அவ்வமைப்பே காணப்படுகின்றது. ஆனால், சுமார் 20 விமானங்களுக்கே அதில் இடமிருந்தது.

இதற்கிடையில், யப்பானியர் 1920 மார்கழியில் ஹோஷோ என்னும் கப்பலைத் தொடங்கி, ஈராண்டுகளில் முடித்துவிட்டனர். அதன் தளத்தில் 1923 இல் முதன்முதலாக இறங்கியவர் ஜோர்டன் என்னும் ஆங்கிலேயர். யப்பானியக் கடற்படை விமானிகளைப் பயிற்றியதும் செம்பில் தலைமையில் 1921 இற் சென்ற பிரித்தானியக் குழுவே.

கற்றவர்கள் 1942 சித்திரையில் இலங்கைக் கடலுக்கு வந்தனர். ஐந்து விமானந் தாங்கிகள் அவர்களிடம் இருந்தன. 5 ஆம் நாள் கொழும்பும், 9 ஆம் நாள் திருகோணமலையும் தாக்கப்பட்டன. தாக்குதலுக்கு அஞ்சித் திருகோணமலையை விட்டு முதல்நாள் இரவே வெளியேறிய ஹேர்மிஸ், திரும்பி வருகையில் மட்டக்களப்பிற்கு அப்பால் எதிரியின் கண்ணிற் பட்டது. அதன் விமானங்களோ கரையில் இருந்தன. கரையிலிருந்து உதவிக்குப் புறப்பட்ட விமானங்கள் காலந்தாழ்த்தியே வந்தன. சில நிமிடங்களிற் பல குண்டுகள் வீழ, கப்பல் மூழ்கியது. 307 பேர் மாண்டனர். வீற்றா என்னும் வைத்தியக் கப்பல் சுமார் 600 பேரைக் காப்பாற்றியது.

விமானந் தாங்கியின் வலிமை இரும்பில் இல்லை. அதிலிருந்து எழும் விமானங்களிலேயே உள்ளது. புதுவழி கண்டவர், அவ்வழியில் தொடர்ந்து நடவாவிடின், பின்வந்தோர் முந்திவிடுவர். இவ்விரண்டு உண்மைகளுக்கும் சான்றாக, ஹேர்மிஸ் நமது கீழைக் கடலின் அடியில் இன்றும் கிடக்கின்றது.